வண்டு பிடித்த டிசம்பர் விடுமுறை

டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளை எப்படிச் சந்தோஷமாக வைத்துக்கொள்வது, அந்தச் சாக்கில் நாலு நல்ல விஷயத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று யோசனை கேட்டு, புது வாத்தியாரான நீங்கள் என்னிடம் வந்திருக்கிறீர்கள். ஆளைத் தெரியாமல் கேட்டுவிட்டீர்கள். விடுமுறைக்குத் திட்டம் போட்டு மூக்கை உடைத்துக்கொண்ட வாத்தியார் யார் என்று இந்தப் பக்கத்தில் எவரைக் கேட்டாலும் என் வீட்டுக்குத்தான் கைகாட்டுவார்கள். ஒருவேளை அதனால்தான் வந்தீர்களோ என்னவோ! வந்ததுதான் வந்தீர்கள், உட்காருங்கள்.

பாட்டுச் சொல்லிக்கொடுங்கள், பட்டம் விடுங்கள், பாத்தி கட்டிக் கீரை போடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்கு நான் வேண்டாம். நல்ல எண்ணத்தோடு போடுகிற திட்டம் எந்த இடத்தில் கோணிக்கொள்ளும், கோணிக்கொண்ட நேரத்தில் நமக்கு எப்படி வாய் அடைத்துப்போகும் என்பதைத்தான் நான் சொல்ல முடியும். கேட்க நன்றாக இருக்காது. சொல்ல எனக்கும் நன்றாக இல்லை. இத்தனை வருஷம் ஆகியும் பேச்செடுத்தாலே காது சூடாகிறது.

எங்கள் கிராமம் இந்தத் தீவின் வடக்கே, பாம்ப்ளமூஸ் பக்கம். பெரிய யுத்தம் முடிந்து சர்க்கரைக்கு நல்ல விலை வந்த காலம். எஸ்டேட்காரர்கள் கல்லும் கரடுமான ஓர நிலங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். இந்தியாவிலிருந்து கப்பலேறிக் கூலிக்கு வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் ஆளுக்கு ஒரு துண்டு வாங்கி, கல்லைப் பொறுக்கிக் குவித்துவிட்டுக் கரும்பு நட்டார்கள். பகலில் எஸ்டேட்டில் வேலை, காலையும் மாலையும் சொந்த நிலத்தில் வேலை. டிசம்பரில் வெட்டு முடிந்து பள்ளிக்கூடமும் மூடிவிட்டால் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இருக்காது. எஸ்டேட் லிச்சி மரத்தில் கல்லெறிந்து காவல்காரனிடம் அகப்படுவதுதான் அவர்களுக்கு விடுமுறை வேலை.

அப்போது நான் சின்னப் பையன் இல்லை. தலை நரைக்கத் தொடங்கிய உதவி வாத்தியார். ஆகவே வயது போதாது என்ற சாக்கும் எனக்குக் கிடையாது. முதல் வருஷம் நான் போட்ட விடுமுறைத் திட்டத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். காலையில் கணக்கு, பிறகு தேவாரம், வெயில் தாழ்ந்ததும் உடற்பயிற்சி. மூன்றாம் நாள் நானும் ஒரு நொண்டி நாயும்தான் கோவில் கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் பெரிய வாத்தியார் கிரயோல் மொழிக்காரர். எங்களோடு பழகிப் பழகித் தமிழும் பேசுவார். அவர் அந்த வழியாக வந்து, என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "லெஸ் ஸாஃபான் ஸ்வே" என்றார். பிள்ளைகளை விளையாட விடப்பா என்று அர்த்தம். "லீவு அவங்களுக்குத்தானே விட்டது? நீ ஏன் அதுல போய்க் குந்திக்கிற?"

எனக்குச் சுருக்கென்றது. விளையாட்டு வேண்டுமா, சரி. ஆனால் வெறும் விளையாட்டாக இருக்கக் கூடாது என்று அடுத்த வருஷம் முழுவதும் யோசித்தேன். அப்போதுதான் வண்டு வந்து மாட்டியது.

கரும்பு வண்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழுப்பு நிறம், கட்டைவிரல் நகம் அளவு. கோடை மழை பெய்தால் பொழுது சாயும் நேரத்தில் மண்ணுக்குள்ளிருந்து கிளம்பி வேலிச் செடிகளில் வந்து உட்காரும். அது மண்ணில் முட்டையிட்டு, அதிலிருந்து வருகிற வெள்ளைப் புழு கரும்பின் வேரைத் தின்றுவிடும். பச்சையாக நின்ற கரும்பு வாரத்துக்குள் மஞ்சளாகிச் சாயும். எஸ்டேட்டில் ஆட்களைப் போட்டு வண்டு பிடித்தார்கள். சின்ன நிலக்காரர்களுக்கு ஆள் ஏது? அந்த வேலையைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாக்கிவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. விளையாட்டும் ஆச்சு, ஊருக்கு உபகாரமும் ஆச்சு, ஒரு பூச்சி பிறந்து வளர்வதைக் கண்ணால் பார்த்துப் படித்ததும் ஆச்சு. ஒரே கல்லில் மூன்று மாங்காய் என்று எனக்கு ஒரே குதூகலம்.

உண்மையைச் சொன்னால், ஆரம்பத்தில் அருமையாகத்தான் நடந்தது. பிள்ளைகளை நாலு கூட்டமாகப் பிரித்தேன். கூட்டத்துக்கு ஒரு பழைய மண்ணெண்ணெய்த் தகரம், ஒரு கொடி. எந்தத் தகரத்தில் வண்டு அதிகமோ அந்தக் கூட்டத்துக்கு ஜெயம். பொழுது சாய்ந்ததும் கையில் லாந்தரோடு வேலி ஓரமெல்லாம் "இங்க பாருடா! இங்க பாருடீ!" என்று ஒரே கூச்சல். வண்டு சட்டைக்குள் புகுந்து எவனாவது குதிப்பான், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பகலில் கோவில் கொட்டகையில் வண்டின் காலை எண்ணுவோம், படம் வரைவோம். அந்த வருஷம் லிச்சி மரங்கள் பிழைத்தன. பெற்றவர்களே வழியில் நிறுத்தி, "நல்ல காரியம் பண்றீங்க வாத்தியாரே" என்று சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாலாவது கூட்டத்துக்குத் தலைவி பாக்கியம். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். ஒரு தடவை சொன்னால் போதும், பிடித்துக்கொள்வாள். பிடித்ததை விடவும் மாட்டாள், அவ்வளவு பிடிவாதம். கூட்டம் பிரிக்கும்போது எவரும் சேர்த்துக்கொள்ளாத பொடிசுகள் சில மூக்கு ஒழுகிக்கொண்டு நின்றன. "இதுகள நான் வச்சுக்கிறேன் வாத்தியாரய்யா" என்று தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பொடிசுகளை வரிசையாக நிற்கவைத்து, வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே வண்டு பிடிக்கவைத்தாள். வாய்ப்பாடு தப்பினால் வண்டையும் தப்பவிட வேண்டும் என்று அவளே ஒரு சட்டம். நம்மில் எத்தனை பேருக்கு அந்த யோசனை வரும்?

அந்தப் பெண்ணின் படிப்புத்தான் அந்த விடுமுறையோடு நிற்க இருந்தது. அவள் அப்பா ஆறுமுகம் நல்ல மனிதர், கடும் உழைப்பாளி. அந்த வருஷம்தான் ஏக்கர் அளவில் ஒரு துண்டு நிலம் வாங்கி, முதல் நடவு நட்டிருந்தார். "அஞ்சாவது முடிச்சிட்டா, போதும் வாத்தியாரே. பொம்பளப் புள்ள. நிலத்துக்கு ஒரு கை வேணும்" என்றார். நான் கெஞ்சினேன். ஆறாவது படிக்கட்டும், பரீட்சை எழுதட்டும், இந்த ஊரிலிருந்து ஒரு பெண் வாத்தியாராக வரட்டும் என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, லீவு முடியட்டும், யோசிக்கிறேன்" என்றார். அதை நான் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். மீதிப் பாதியை வாங்க ஒரு வழியும் யோசித்தேன். விடுமுறை முடிவில் பரிசளிப்பு வைத்து, எஸ்டேட் மானேஜர் துரையை அழைத்து, பாக்கியம் கையில் ஊர் பார்க்கத் துரை பரிசு கொடுத்துவிட்டால் ஆறுமுகத்துக்கு மறுக்க மனசு வராது. அது என் கணக்கு. நீ ஜெயித்தால் போதும் என்று அதை அவளிடமும் சொல்லிவிட்டேன்.

கவனியுங்கள், அங்கேதான் கோணல் தொடங்கியது. வண்டு பிடிப்பது மற்றப் பிள்ளைகளுக்கு விளையாட்டு. பாக்கியத்துக்கு அது ஆறாம் வகுப்பு. அவள் தோளில் அதை ஏற்றிவைத்தது நான்.

அப்புறம் மழை நின்றுபோனது. மழை இல்லையென்றால் வண்டு மண்ணை விட்டுக் கிளம்பாது. நாள் கணக்கில் பிள்ளைகள் வேலி ஓரம் நடந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். பரிசளிப்பு நெருங்கிவிட்டது. துரைக்குச் சொல்லியாயிற்று, கொட்டகைக்குத் தோரணம் கட்டச் சொல்லியாயிற்று, தகரங்களோ அரைகுறை. பெரிய வாத்தியாரிடம் போய்ப் புலம்பினேன்.

"மழை இல்ல, வண்டு இல்லனு சொல்லிடு. என்ன குடியா முழுகிப்போச்சு?" என்றார்.

"துரை வர்றாருங்க. காலித் தகரத்தையா காட்டுறது?"

"துரைக்குத் தகரம் எதுக்கு? பிள்ளைங்களக் காட்டு."

காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அன்று மாலை பிள்ளைகளைக் கூப்பிட்டு, இனிமேல் பறக்கிற வண்டு மட்டுமல்ல, வேரில் இருக்கிற புழுவும் சேர்த்தி என்று விதியை மாற்றினேன். வேரைச் சுற்றிக் கிளறினால் வேண்டிய மட்டும் கிடைக்கும் என்றேன். அடுத்தவர் நிலத்தில் கால் வைக்கக் கூடாது, அவரவர் வீட்டு நிலத்தில் மட்டும்தான் என்று கண்டிப்பாகவும் சொன்னேன். பெரிய நியாயவான் அல்லவா!

கூலி லயத்தில் பிறந்தவன் நான். எந்தக் கரும்பைத் தோண்டலாம், எதைத் தோண்டக் கூடாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பல வெட்டு வெட்டி ஓய்ந்துபோன பழைய கட்டையைத் தோண்டினால் நஷ்டமில்லை, எப்படியும் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக நடத்தான் போகிறார்கள். நான் மனசில் நினைத்தது அந்தப் பழைய கட்டையைத்தான். ஆனால் பழைய கட்டை யாரிடம் இருக்கும்? நாலைந்து துண்டு நிலம் வைத்திருக்கிற எஸ்டேட் கங்காணி, சர்தார் என்போமே, அவர் வீட்டில் இருக்கும். நேற்று நிலம் வாங்கியவனிடம் ஏது? ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே விதியை வைத்துவிட்டு அதற்கு நியாயம் என்று பெயரும் வைத்தேன்.

நான் யோசிக்காததை அந்தப் பெண் யோசித்தாள். எல்லோரும் ஓடிய பிறகு தனியாக வந்து நின்றாள்.

"வாத்தியாரய்யா, எங்க நெலத்துல புது நடவுதான் இருக்கு."

நான் தோரணக்காரனோடு பேரம் பேசிக்கொண்டிருந்தேன். முகத்தைக்கூடத் திருப்பவில்லை. "அதனால என்ன? பாத்து மெதுவா கிளறு."

"அப்பா வைவாரு."

"ஜெயிச்சுக் காட்டு. அப்பத்தான் உங்கப்பாகிட்டப் பேச எனக்கு வாய் இருக்கும். போ, போ."

அவள் போய்விட்டாள். நான் தோரணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறுமுகமும் அவர் சம்சாரமும் அந்த வாரம் ஊரில் இல்லை. தெற்கே சுயாக்கில் அண்ணன் வீட்டுக் கல்யாணம் என்று பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ரயிலேறிப் போயிருந்தார்கள். பரிசளிப்பு அன்றுதான் திரும்புவதாக ஏற்பாடு. வரட்டும், வந்து மகளின் பெருமையைப் பார்க்கட்டும் என்று எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம்.

அன்று காலை தகரங்கள் வந்து இறங்கின. பாக்கியத்தின் தகரம் விளிம்பு வரைக்கும் வெள்ளை வெள்ளையாகப் புழு. இன்னொரு கூட்டத்துக்குத் தலைவனான சர்தார் மகனின் தகரத்தில்கூட அவ்வளவு இல்லை. இந்தப் பொடிசுகள் இத்தனை புழுவை எங்கே எடுத்தன என்று நான் கேட்டிருக்க வேண்டும். அவள் கை நகமெல்லாம் மண்ணும் ரத்தமுமாக இருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே! "சபாஷ்" என்று முதுகில் தட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

துரை வந்தார். பாட்டு முடிந்தது. பாக்கியத்தின் பெயரைக் கூப்பிட்டேன். துரை அவள் கையைக் குலுக்கி, ஒரு தோல் பையைத் தோளில் மாட்டிவிட்டார். புத்தகம் வைக்கிற பை. கொட்டகை முழுவதும் கைதட்டல். அந்தக் கைதட்டல் ஓயும் முன்னே வாசலில் ஆறுமுகம் வந்து நின்றார்.

கல்யாண வேட்டி, கால் முழங்கால் வரைக்கும் மண். ரயிலை விட்டிறங்கி நேரே நிலத்துக்குப் போயிருக்கிறார். கையில் வேரோடு ஒரு கரும்புக் குருத்து. முழங்கால் உயரம் வளர்ந்தது, வெயிலில் சுருண்டு கிடந்தது. நேராக நடந்து வந்து அதைத் தகரங்களுக்குப் பக்கத்தில் மேசை மேல் வைத்தார். சத்தம் போடவில்லை.

"வயல் பூரா இப்படித்தான் கெடக்கு. வேரு வெளிய கெடந்து காயுது. யாரு செஞ்சது?" என்றார். புழு நிறைந்த தகரத்தைப் பார்த்தார், பை மாட்டிக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தார். "பாக்கியம், நீயா?"

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

துரை பெரிய வாத்தியாரிடம் "கி ஆரிவே?" என்று கேட்டார். என்ன நடந்தது என்று அவருக்குப் புரியவில்லை. பெரிய வாத்தியாரும் என்னைத்தான் பார்த்தார். ஆறுமுகம் என் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, பிள்ளைங்கள வேரத் தோண்டச் சொன்னீங்களா?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? துரை முகம் சுளித்திருப்பார். ஊர் நாலு நாள் பேசியிருக்கும். அவ்வளவுதான். அந்த நேரத்தில் எனக்கு அது தெரியவில்லை. வாயில் வந்தது இதுதான்.

"வண்டு பிடிக்கத்தான் சொன்னேன் ஆறுமுகம். பிள்ளைங்க... ஏதோ ஆசையில..."

பாக்கியம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் மேலே ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள் என்றுதான் நினைக்கிறேன். நான் சொல்லவில்லை. அவள் அப்பா பக்கம் திரும்பினாள்.

"ஆமாப்பா. நானாத்தான் தோண்டினேன்."

பையைத் தோளிலிருந்து கழற்றி மேசை மேல் வைத்தாள். ஆறுமுகம் அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "மொதக் கரணைய உங்கையால வைக்கச் சொன்னேனே பாக்கியம். உங்கை ராசியானதுன்னு சொன்னேனே" என்றார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் என்னுடையது. பழியைப் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பெண் சுமந்துகொண்டு போனாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். சர்தார் மகன் வந்தான். அந்தத் தோல் பையை எடுத்து அவன் தோளில் மாட்டச் சொல்லித் துரையிடம் கொடுத்தேன். விழா நின்றுவிடக் கூடாதாம்!

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். வாத்தியார் சொல்லித்தான் தோண்டினேன் என்றால் அப்பா பள்ளிக்கூடத்தையே வெறுத்துவிடுவார், ஆறாம் வகுப்பு போய்விடும் என்று கணக்குப் போட்டிருப்பாள். அப்படித்தான் இருக்க வேண்டும். நான் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன். அவள் என்னைக் காப்பாற்றித் தன் படிப்பைக் காப்பாற்றப் பார்த்தாள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியுமா?

எல்லோரும் போன பிறகு பெரிய வாத்தியார் கொட்டகை வாசலில் நின்றார். "நீதானே தோண்டச் சொன்ன?"

தலையைத் தொங்கப்போட்டேன்.

"இப்பவே ஆறுமுகம் வீட்டுக்குப் போ."

"கோபமா இருப்பாருங்க. கொஞ்சம் ஆறட்டும்."

"ஆற வேண்டியது அவன் கோபமா, உன் பயமா?"

அப்போதும் நான் போகவில்லை. விடிந்து போனேன். ஓர் இரவுதானே என்று நினைக்காதீர்கள். அந்த இரவு அந்த வீட்டில் அவள் எப்படி இருந்திருப்பாள்? வேலையில் தப்பு நடக்கத்தான் செய்யும், உங்களுக்கும் நடக்கும். எந்த இடத்தில் நடந்ததோ அந்த இடத்திலேயே, யார் முன்னால் நடந்ததோ அவர்கள் முன்னாலேயே வாயைத் திறந்துவிடுங்கள். விடிந்த பிறகு சொல்கிற உண்மைக்கு மதிப்பில்லை. அதை நான் அந்த நிலத்தில் நின்று தெரிந்துகொண்டேன்.

போனபோது மூன்று பேரும் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆறுமுகமும் சம்சாரமும் காய்ந்த குருத்துகளைப் பிடுங்கி ஓரத்தில் போட, பாக்கியம் பிழைக்கக் கூடியவற்றுக்கு மண் அணைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிலத்தில் பாதி போய்விட்டது, பார்த்ததுமே தெரிந்தது. கல் குவியலுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வந்து கேட்டதை, நான் முகத்தைத் திருப்பாமல் சொன்ன பதிலை, எதையும் மறைக்கவில்லை. சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டேன்.

ஆறுமுகம் நிமிர்ந்தார். "நேத்து அத்தன பேரு முன்னால எம்புள்ள நின்னுச்சே, அப்பச் சொல்லியிருக்கலாமே வாத்தியாரே. இப்ப இந்தக் கரும்புகிட்டயா சொல்ல வந்தீங்க?"

சட்டையைக் கழற்றிவிட்டு மண்வெட்டியை எடுக்கப் போனேன். அவர் காலை அதன் மேல் வைத்துக்கொண்டார். "வேணாம். ஒங்களுக்கு இங்க வேலை இல்ல. அவளுக்குத்தான் இருக்கு."

"ஆறாவது..." என்று இழுத்தேன். அவர் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஐயா, போயிட்டு வாங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதற்கு மேல் அங்கே நிற்க முடியுமா?

திரும்பி நடந்தபோது பாக்கியம் குடத்தோடு எதிரே வந்தாள். என் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்கு என் மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. குடத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, "எங்க குட்டிப் பிள்ளைங்களுக்குப் பரிசு குடுத்தீங்களா வாத்தியாரய்யா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். சர்தார் மகனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவளுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். "பாவம், அதுகளும் தோண்டிச்சுங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் நான் விடுமுறைக்குத் திட்டம் போட்டிருக்கிறேன், போடாமல் இல்லை. பட்டம் விட்டோம், ரயிலில் போர்ட் லூயிஸ் போய்க் கப்பல் பார்த்தோம், ஆற்றங்கரையில் சமைத்துச் சாப்பிட்டோம். பரிசு மட்டும் வைக்கவில்லை. எதைத் தொடங்கினாலும் முதலில் வீடு வீடாகப் போய், இது உங்களுக்குச் சரிப்படுமா, உங்கள் பிள்ளையிடம் இதற்கு வேண்டியது இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு பிள்ளை தனியாக வந்து நின்று ஏதாவது சொன்னால், என்ன வேலையானாலும் போட்டுவிட்டு அதன் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் கேட்ட யோசனை இவ்வளவுதான், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதெல்லாம் தெரிந்து நான் பெரிய மனிதனாகிவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அவள் செலவில் தெரிந்துகொண்டது இது.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறுமுகம் வருவது தெரிந்ததும் ஓடிப்போய் வரவேற்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது ஒரு சின்னப் பையன், எண்ணெய் வழிய வாரிய தலை. பாக்கியத்தின் தம்பியாம்.

"இவனச் சேத்துக்குங்க வாத்தியாரே" என்றார்.

"பாக்கியம் வரலையா?"

"வயல்ல இருக்கா."

பையனை உள்ளே அனுப்பினேன். ஆறுமுகம் போகாமல் நின்றார். பிறகு துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னார்.

"பள்ளிக்கூடம் நடக்கறப்ப நீங்க என்ன வேணும்னாலும் சொல்லிக் குடுங்க, நான் கேக்க மாட்டேன். லீவு விட்டா மட்டும் எம்புள்ளைய எங்கிட்ட அனுப்பிடுங்க."

சரி என்றேன்.